கிளினிக் கொப்பியில் வாய்க்கு ஒரு பக்கம்

கொழும்பில் சலரோக கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும், தாதியருக்கும், அந்தக் கிளினிக்கில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் சுகாதார அமைச்சு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என்னிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. முதலாவது முடிந்ததும் இரண்டாவதை அதோடு சேர்த்து ஊசிநூலால் தைத்தார் என் மனைவி. இப்போது மூன்றாவதும் சேர்ந்து சின்னத் தலையணை மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருடத்தில் 97 தடவை வந்திருக்கிறேன். சீனி 97 தடவை எழுதப்பட்டிருக்கிறது. பிரஷரும் 97 தடவை. கண்ணுக்கு 6 துண்டு, காலைத் தொட்டுப் பார்த்ததற்கு 9 குறிப்பு, சிறுநீரகத்துக்கு 5. பல், பல்லைச் சுற்றியிருக்கும் முரசு, வாய் என்று ஒரு எழுத்து எங்கும் இல்லை.

நான் கணக்கெழுதுகிறவன். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் 30 வருடமாகப் பேரேடு என் கையில்தான். பேரேட்டில் ஒரு செலவுக்குத் தலைப்பே போடாமல் விட்டால் அந்தக் காசு போகாமல் இருந்துவிடுமா? அது போய்க்கொண்டுதான் இருக்கும். வருடக் கடைசியில்தான் பள்ளம் தெரியும். என் வாயிலும் அதுதான் நடந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது யார் மீதும் குற்றம் சாட்டும் கடிதமில்லை. விடிய ஐந்தரைக்கு நம்பர் எடுக்க வரிசையில் நிற்கும் சனத்தை எனக்குத் தெரியும். பத்தரைக்கெல்லாம் உங்கள் மேசையில் இன்னும் அறுபது கொப்பி அடுக்கிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். அந்த மூன்று நிமிடத்துக்குள் இன்னொன்றையும் நுழைக்கச் சொல்கிறானே என்று கோபம் வரலாம். கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

சீனி வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். காலையில் றோஸ் பாணைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு விழும். பிரஷ் செய்து துப்பினால் பேசினில் இளஞ்சிவப்பு. நோவில்லை. நோவில்லாததை யார் வருத்தம் என்று எடுப்பார்கள்? கடுமையாகத் தேய்க்கிறேன் போலிருக்கிறது என்று மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினேன். பிறகு இரத்தம் வரும் பக்கத்தைத் தேய்ப்பதையே விட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று பின்னால்தான் விளங்கியது. அதற்கடுத்த வருடம் மனைவி தலையணையை மறுபக்கம் நகர்த்தி வைத்தார். காரணம் கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, ஃபேன் காத்து" என்றார். வாய் மணம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கீழ்ப் பக்கம் முன்பல்லுக்குப் பின்னால் ஒரு பல் ஆடத் தொடங்கியது. நாக்கால் தள்ளினால் மழைக்கு இளகிய வேலிக்கட்டை மாதிரி அசையும். ஒரு தனியார் இடத்தில் போய்க் கழற்றினேன். எட்டு மாதத்தில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் தந்தார்கள். குடிக்கும்போது இரத்தம் நிற்கும், முடித்து இரண்டு கிழமையில் பழையபடி வரும். மூன்றாவது தடவை போனபோது, முரசை வெட்டித் திறந்துதான் சுத்தம் பண்ண வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லி, ஒரு தொகையும் எழுதித் தந்தார்கள். என் இரண்டு மாதச் சம்பளம். காசைக்கூட விடுங்கள், சீனிக்காரனுக்கு வெட்டினால் ஆறாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டு அண்ணையின் கால் விரல் போன கதை எனக்கு மனப்பாடம். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், ஒரு வருடம் எந்தப் பல் வைத்தியரிடமும் போகவில்லை.

அந்த ஒரு வருடத்திலும் உங்களிடம் ஏழு தடவை வந்திருக்கிறேன். நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. சீனிக்கும் பல்லுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. சீனி ஏறிக்கொண்டிருந்தது, இரண்டாவது மாத்திரையைக் கூட்டினீர்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தேன்.

கடைசியில் என்னை அழைத்துக்கொண்டு போனவள் என் மகள். ஓர் அரச பல் சிகிச்சைப் பிரிவு. அங்கே ஓர் இளம் பெண் டொக்டர், சிங்களவர், வவுனியாவில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழ் கொஞ்சம் வைத்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முதல் அவர் கேட்டது, "அங்கிள், சீனி எவ்வளவு?" பன்னிரண்டு வருடத்தில் ஒரு பல் வைத்தியர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொப்பியைக் கொடுத்தேன். கடந்த மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும் மூன்று மாதச் சீனி 8.9 என்று கிடந்தது. தலையை ஆட்டினார்.

பிறகு நுனியில் மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் அதை மெதுவாக இறக்கி, எத்தனை கோடு உள்ளே போகிறது என்று பார்த்து உரக்கச் சொல்ல, பக்கத்தில் நின்ற தாதி எழுதினார். "துன, துன, ஹய. தெக, பஹ, ஹத." சிங்களத்தில் மூன்று, மூன்று, ஆறு; இரண்டு, ஐந்து, ஏழு. ஒரு பல்லுக்கு ஆறு இடம். எனக்கு மிஞ்சியிருந்த 24 பல்லுக்கும் 144 இலக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. முரசு நல்லாயிருந்தால் 1 முதல் 3 வரைதான் வரும். எனக்கு 52 இடத்தில் 4க்கு மேல், சில இடத்தில் 7. அந்தப் பள்ளத்தைத்தான் அவர்கள் பொக்கெட் என்கிறார்கள். பல்லைப் பிடித்திருக்கும் நார் விட்டுப்போய், எலும்பும் கரைந்து, உண்டான பள்ளம்.

வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். "இப்ப இல்லை. முதல்ல வெட்டாமச் செய்யிறதைச் செய்வம். மூண்டு மாசம் கழிச்சுப் பாத்துட்டு, மிச்சம் இருந்தா அதுக்கு மட்டும் யோசிப்பம்."

அந்த 'மூண்டு மாசம்' அவர் தன் பாட்டில் சொன்னதில்லை. ஐரோப்பிய முரசுநோய் நிபுணர்களின் வழிகாட்டலிலும் அந்த ஒழுங்குதான் இருக்கிறது. முதலில் வீட்டில் வாயைச் சுத்தம் செய்வதும், சீனி, சிகரெட் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவதும். பிறகு முரசுக்கு அடியில் வேரில் ஒட்டிய கல்லையும் கிருமிச் சவ்வையும் ஆயுதம் போட்டு எடுப்பது. முரசை ஆறவிட்டுத் திரும்ப அளப்பது. 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ மிஞ்சிய ஆழமான பொக்கெட்டுக்குத்தான் கத்தி பற்றிய பேச்சு. என்னிடம் முதல் நாளே கத்தியை எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பயத்தில் நான் ஓடிய வருடத்தில் என் எலும்பு இன்னும் கொஞ்சம் கரைந்தது.

முதல் நாள் அவர் ஆயுதத்தையே தொடவில்லை. நான் கொண்டுபோன பிரஷைக் கேட்டு வாங்கி, பல்லில் ஒரு சிவப்புச் சாயத்தைப் பூசி, கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். வெற்றிலை போட்ட ஆச்சியின் வாய் மாதிரி இருந்தது. பல்லின் நடுவில் சாயம் போய்விட்டது, முரசோரம் முழுக்கச் சிவப்பாக நின்றது. நான் நாற்பது வருடமாகத் துலக்கியது பல்லின் முகத்தை மட்டும்தான் என்று அந்தக் கண்ணாடி சொன்னது. பிரஷைச் சாய்த்து, மயிர் முரசோரத்துக்குள் போகும்படி வைத்து, சின்னதாக ஆட்டச் சொன்னார். போத்தல் கழுவும் பிரஷைக் குருவிக்குக் கொடுத்த மாதிரி ஒரு குட்டிப் பிரஷைத் தந்து, பல்லுக்கு இடையில் விடச் சொன்னார். முதல் கிழமை விட்ட இடமெல்லாம் இரத்தம். பயந்து போன் எடுத்தால், "இரத்தம் வாற இடத்திலதான் அங்கிள் கூட விடோணும்" என்றார். பத்தாம் நாள் நின்றது.

அதன் பிறகு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் வாயில் கால் பங்கு. விறைக்க ஊசி போட்டு, தண்ணீர் பீச்சி அதிரும் ஒரு கருவியால் முதலில், பிறகு நுனி வளைந்த கை ஆயுதங்களால். எங்கள் கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன். கல் பதித்த மோதிரத்தை மேலே மினுக்கிக்கொண்டு வருவார்கள். பத்தர் அதைத் திருப்பினால் கல்லுக்கு அடியில் சவர்க்காரமும் பவுடரும் மாவும் சேர்ந்து கறுத்த கட்டியாக இறுகியிருக்கும். ஊசி மாதிரி ஆயுதத்தால் சுரண்டி எடுப்பார். மருந்துத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது போகாது. மூன்று தடவை நான் குடித்த அன்டிபயோட்டிக் ஏன் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கவில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. கிருமி கல்லிலும் வேரிலும் சவ்வாகப் படிந்து கிடக்கிறது, மாத்திரை அதற்குள் சரியாகப் போய்ச் சேராது, கையால்தான் குலைக்க வேண்டும்.

டொக்டர் எடுத்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். மிளகுத் துகள் மாதிரிக் கறுப்பு.

நல்லதை மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஒரு மாதம் குளிர்த் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வீக்கம் வற்றியதும் முரசு இறங்கி, பல் நீண்டு, இடைவெளி தெரிந்தது, சிரித்தால் கொஞ்சம் கிழவன்தான். கொப்பளிக்கத் தந்த குளோர்ஹெக்சிடீன் இரண்டு கிழமைக்குத்தான், அதோடு பிளேன்ரீயை விடச் சொன்னார். நான் விடவில்லை, பல் பழுப்பேறியது. அது என் குற்றம்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பி, அதே தாதி. 52 இடம் 17 ஆகியிருந்தது. ஆடிய இன்னொரு பல் இறுகியிருந்தது. கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் 7 அப்படியே நிற்கிறது. அதை இன்னொரு தடவை சுத்தம் செய்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சின்னதாகத் திறப்பார்களாம். வாய் முழுக்க வெட்ட வேண்டும் என்று எழுதித் தந்த அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பேரேட்டில் ரத்துச் செய்த பக்கத்தைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு வைப்போமே, அப்படி வைத்திருக்கிறேன்.

மூன்று மாதச் சீனி 8.9இலிருந்து 8.3க்கு வந்தது. அந்த நாட்களில் நான் இரவுச் சோற்றையும் நிறுத்தியிருந்தேன். ஆகவே எல்லாப் புண்ணியத்தையும் முரசுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நான் ஒருவன் சொல்வதை விடுங்கள், பெரிய கணக்கு இருக்கிறது. 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, 3,249 சலரோகக்காரரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. வெட்டாமல் செய்யும் முரசுச் சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது அந்த மூன்று மாதச் சீனி, சராசரியாக 0.43 புள்ளி இறங்கியது, ஆறு மாதத்தில் 0.30. நீங்கள் சேர்த்து எழுதும் சில மாத்திரைகள் தருவதும் இதற்கு அண்மித்த அளவுதான் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். 2018இல் லண்டனில் 264 பேரில் நடந்த ஓர் ஆய்வில், தீவிரமாகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஒரு வருட முடிவில் மற்றவர்களைவிட 0.6 குறைவாக இருந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் 514 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் சீனி இறங்கவேயில்லை. அந்த ஆய்வில் சிகிச்சைக்குப் பிறகும் பலருடைய வாயில் அழுக்கும் இரத்தமும் மிச்சம் இருந்தன என்று சொல்லி நிபுணர்கள் சண்டை பிடித்தார்கள். கணக்குப்பிள்ளையாக என் தீர்ப்பு: பல் வேலை சரியாக நடந்தால்தான் சீனி இறங்கும், அரைகுறையாகக் கல் எடுத்து அனுப்பினால் ஒன்றும் இறங்காது. சீனி இறங்காவிட்டாலும் பல் மிஞ்சுகிறதே, அதற்கு எந்த நிரலில் வரவு வைப்பது?

ஏன் இறங்குகிறது என்று டொக்டர் எனக்குச் சொன்ன விதம் இது. முரசுநோய் முற்றியவரின் வாயில் உள்ள பொக்கெட் எல்லாவற்றின் உட்சுவரையும் விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரும். ஒரு தீப்பெட்டியின் முகம் அளவு புண். அந்தப் புண்ணிலிருந்து அழற்சிப் பொருட்கள் நாள் முழுக்க இரத்தத்தில் கலந்து, இன்சுலினை வேலை செய்ய விடாமல் இழுக்கின்றன. மறுபக்கம், கூடிய சீனி முரசின் சின்ன இரத்தக் குழாயையும் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களையும் கெடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். என் காலில் தீப்பெட்டி அளவு புண் இருந்தால் அன்றைக்கே என்னை வார்டில் போட்டிருப்பீர்கள். வாயில் இருந்தபடியால் வருடக்கணக்காக வரிசையில் நின்றேன்.

இனி நான் சொல்லப்போவது, நாங்கள் மலையகத்துச் சனம் என்பதால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முரசுநோய் தானாக விட்டால் எப்படி வளரும் என்று உலகத்துக்குச் சொன்ன மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. 1970இல் நோர்வேக்காரரான ஹரால்ட் லோவும் அவருடைய கூட்டத்தாரும் இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். 480 ஆண் தொழிலாளிகளின் வாயை அளந்தார்கள், 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். பல் வைத்தியம் கிடைக்காத, வழக்கமான வாய்ச் சுத்தம் இல்லாத கூட்டம் என்றுதான் அவர்களைத் தெரிவு செய்தார்கள். (என் அப்பா ஹற்றன் பக்கம் வேறொரு தோட்டம். அடுப்புக்கரியை விரலில் தொட்டுத் தினமும் காலையில் தேய்ப்பார். அது வழக்கமான சுத்தத்தில் சேராது போலும்.) ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் படித்தவர்கள் கூட்டம் ஒன்று. 1986இல் முடிவு வெளிவந்தது: தோட்டத்தவரில் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 வீதத்தினருக்கு நடுத்தரமாக, 11 வீதத்தினருக்கு முரசில் சிவப்பு இருந்தும் அதற்கு அப்பால் போகவில்லை. இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். 2010இல் திரும்பப் போய்த் தேடியபோது, அவர்களில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது.

அதே ஹரால்ட் லோதான் 1993இல், சலரோகத்தின் ஆறாவது சிக்கல் முரசுநோய் என்று எழுதியவரும். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய், ஆறாத புண், அதற்கடுத்தது முரசு. முதல் ஐந்துக்கும் என் கொப்பியில் இடம் இருக்கிறது. எங்கள் சனம் வாயைத் திறந்து காட்டி உலகம் படித்த பாடம், அந்தச் சனத்தின் பிள்ளை ஒருவன் கொழும்பில் 97 தடவை வரிசையில் நின்றும் அவன் கொப்பிக்கு வந்து சேரவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை, காலைப் பார்க்கும் அதே நாளில், வாயைப் பற்றிக் கேளுங்கள். துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, கடைசியாகப் பல் வைத்தியரிடம் போனது எப்போது, அவ்வளவுதான். வைத்தியர்தான் கேட்க வேண்டும் என்றில்லை, பிரஷர் பார்க்கும் தாதி கேட்டால் போதும். சிகரெட் பிடிக்கிறவருக்கு நோய் இருந்தாலும் இரத்தம் குறைவாகத்தான் வரும், ஆகவே இரத்தத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. சர்வதேச சலரோக சம்மேளனம் 2009இலேயே இதை வருடா வருடம் கேட்கச் சொல்லி வழிகாட்டல் வெளியிட்டது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022இல் தன் சலரோக வழிகாட்டலைத் திருத்தி, வருடாந்தப் பரிசோதனையில் முரசுநோய் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தது.

ஆம் என்று பதில் வந்தால் ஒரு துண்டு எழுதித் தாருங்கள், கண்ணுக்கு எழுதுகிற மாதிரி. துண்டில்லாமல் பல் பிரிவுக்குப் போனால், நோகிற பல் எது என்று கேட்கிறார்கள். நோகாத வருத்தத்தோடு போகிறவன் என்ன சொல்வான்? தேசிய வைத்தியசாலையிலிருந்து வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலை நடந்து போகிற தூரம். கொழும்பில் இருக்கிற நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், தூரம் எங்களுக்குச் சாட்டில்லை. துண்டில் மூன்று மாதச் சீனியையும் எழுதிவிடுங்கள். 7க்கு மேல் இருந்தால் முரசுநோய் வேகமாக ஓடும் வகையில் சேர்ப்பார்கள், பல் வைத்தியருக்கு அந்த இலக்கம் வேண்டும். அவரும் தன் பங்குக்கு அளந்ததை உங்களுக்குத் திருப்பி எழுத வேண்டும். இப்போதைக்கு இரண்டு பக்கத்துக்கும் தபால்காரன் நான்தான்.

பல் வைத்தியர் போதாது, எல்லாச் சீனிக்காரரையும் அனுப்பினால் வரிசை உடையும் என்பீர்கள். 2005-06இல் எடுத்த கணக்கிலேயே நம் நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவரில் 10.3 வீதத்தினருக்குச் சலரோகம், நகர்ப்புறத்தில் 16.4 வீதம். இப்போது கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. உங்கள் பயம் நியாயம். ஆனால் என் முரசில் பாதி ஆறியது ஒரு கண்ணாடியாலும் சிவப்புச் சாயத்தாலும் சாய்த்துப் பிடித்த பிரஷாலும்தான். அதற்குப் பல் வைத்தியர் தேவையில்லை. எப்படியும் நாங்கள் உங்கள் வாங்கில் மூன்று மணித்தியாலம் குந்தியிருக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு தாதி பத்துப் பேருக்கு ஒன்றாகப் பிரஷ் பிடிக்கக் காட்டலாம்.

காட்டும்போது எங்கள் சொல்லில் காட்டுங்கள். ஓர் இடத்தில் 'ஈறுகளைப் பாதுகாப்போம்' என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். நல்ல தமிழ், பிழை சொல்ல முடியாது. என் பக்கத்தில் இருந்த ஜம்பட்டா வீதி அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏன் தம்பி, பேன் ஈருக்கும் சீனிக்கும் என்ன?" முரசு என்று எழுதியிருந்தால் அந்த அம்மா தன் வாயைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் ஆள் விழுந்த விஷயம். கிளினிக் நாளில் இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வருகிறோம். அப்படியே சாப்பிடாமல் பல் பிரிவுக்கும் ஓடினால், சீனி இறங்கி மயக்கம் வரலாம். என் முன்னாலேயே ஒருவர் கதிரையில் வியர்த்துச் சாய்ந்தார். சாப்பிட்டு, மாத்திரையையும் வழக்கம் போலப் போட்டுக்கொண்டு, காலை நேரத்தில் வா என்று அந்தத் துண்டிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இன்னொன்று. அந்தக் குட்டிப் பிரஷ் வைத்தியசாலையில் கிடைக்காது, பார்மசியில்தான் வாங்க வேண்டும். 2022க்குப் பிறகு ஏறிய விலை இறங்கவில்லை. ஒரு பிரஷை வளைந்து கம்பி தெரியும்வரை பாவிக்கிறேன். சலரோக மாத்திரையான மெட்ஃபோர்மினை இலவசமாகத் தருகிற நாட்டில் இதையும் ஒரு மருந்தாகப் பட்டியலில் போட முடியுமா என்று அமைச்சு அதிகாரிகள் பார்க்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள், பதில் வந்தால் கொப்பியில் ஒட்டி வைப்பேன்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை எனக்குக் கிளினிக். மூன்றாவது கொப்பியின் கடைசித் தாளில் அடிமட்டம் வைத்து நானே கோடு போட்டிருக்கிறேன். திகதி, இரத்தம், ஆட்டம், துண்டு கொடுத்ததா, பல் வைத்தியர் அளந்தது என்று ஐந்து நிரல். முதல் வரியில் என் 52ஐயும் இரண்டாவது வரியில் 17ஐயும் எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் திகதியை மட்டும் போட்டுவைத்திருக்கிறேன். கொப்பியை நீட்டும்போது அந்தப் பக்கத்தைத் திறந்துதான் நீட்டுவேன். மிச்ச நிரலை நீங்கள் நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் கணக்குப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13